உள்ளங்கை நீட்டினால் நிறுத்து

சனிக்கிழமை காலைக்குள் என் மகள் பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு வழியாக வயிறு வரை ஒரு குழாய் போட்டு, அதில்தான் உணவு கொடுப்பார்கள். குழந்தை மருத்துவர் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை, முறைக்கவும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கத்துகிற ஆட்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், நானே ஒரு கத்துகிற ஆள்தான்.

அவளுக்கு நான்கு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம், பிறக்கும்போதே சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்பதால். ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனது, கூடவே பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. தட்டைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த உதட்டைத் திறக்க மிட்டாய் ஆசை, பூச்சாண்டி பயம், என் அதட்டல் எதுவும் உதவவில்லை. என் அதட்டல் நிலைமையைக் கெடுத்தது என்று என் மனைவி சொல்வாள். மூக்கின் மேல் கோபம் வைத்திருப்பவனுக்கு அதை ஒப்புக்கொள்வது கஷ்டம், ஆனால் அது உண்மை.

மருத்துவர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். "திணிக்காதீங்க. சாப்பாட்ட விளையாட்டாக்குங்க. தட்டப் பாத்தா அவளுக்கு சிரிப்பு வரணும், பயம் வரக்கூடாது" என்றார்.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், யார் எழுதிய கிறுக்கலையும் நிதானமாகப் படிக்கும் பொறுமை அவளுக்கு உண்டு. ரொட்டியை நட்சத்திரமாக வெட்டினாள். உருளைக்கிழங்கு மசியலில் பட்டாணியால் கண் வைத்து, கேரட் துண்டால் மூக்கு வைத்து ஒரு முகம் செய்தாள். சுண்டு அந்த முகத்துக்கு டாட்டா காட்டிவிட்டு எழுந்து போனாள். பொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டிப் பார்த்தாள். பொம்மைதான் ஒழுங்காகச் சாப்பிட்டது. கடைசியில் ஒரு நாள் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"இருபது மாடி உயரத்துல உக்காந்து டன் கணக்குல இரும்பத் தூக்கறீங்க. ஒரு ஸ்பூன் கிழங்க அரை அடி தூக்க முடியலையா உங்களால?"

குத்தலாகத்தான் சொன்னாள். எனக்கு அதில்தான் பொறி தட்டியது.

நான் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் எழும்பும் இடத்தில் வானத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின் இருக்கும். பதினாறு வருடமாக என் பகல் பொழுது அதற்குள்தான். மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி நேரம் என் கொக்கி எங்கே இறங்குகிறது என்றே எனக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால், குழிக்குள், இரண்டு தூண்களுக்கு நடுவில் என்று என் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் அது போய் இறங்கும். கீழே நின்று கை காட்டுகிற சைகைக்காரர்தான் எனக்குக் கண். கட்டைவிரல் மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு. உள்ளங்கையை நீட்டினால் நிறுத்து. இந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் தனி மரியாதை. மற்றதைச் சைகைக்காரர் மட்டுமே காட்டலாம், நிறுத்து என்பதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். தச்சர் காட்டலாம், பெருக்க வந்தவர் காட்டலாம், வழி தெரியாமல் உள்ளே நுழைந்தவர்கூடக் காட்டலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு.

அன்று மாலை என் மஞ்சள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். சுண்டுவின் தலையில் சமையலறை வடிகட்டியைக் கவிழ்த்தேன்.

"மேடம், நான் மேல இருக்கேன். உங்க வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நீங்க கை காட்டினாதான் சுமை நகரும். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

சைகைகளை ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தேன். கட்டைவிரலை உயர்த்தினாள். நான் தொண்டையில் மோட்டார் சத்தம் எழுப்பியபடி ஸ்பூனைத் தூக்கினேன். கட்டைவிரலைக் கவிழ்த்தாள், இறக்கினேன். உதட்டுக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது திடீரென்று உள்ளங்கையை நீட்டினாள். நான் அப்படியே நின்றேன். மோட்டார் நின்றது, என் மூச்சும் நின்றது. என்னைச் சோதிக்கிறாள் என்று தெரிந்தது. கை வலிக்க ஆரம்பித்தது, மூக்கு அரித்தது, நான் அசையவில்லை. என் மனைவி பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு நிமிடம் கழித்து சுண்டு கட்டைவிரலைக் கவிழ்த்து, வாயையும் திறந்தாள்.

எட்டு ஸ்பூன். காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக எட்டு ஸ்பூன்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. பதினொன்று எழுநூறாக இருந்த எடை பன்னிரண்டு இருநூறுக்கு ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லிப்டில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். எங்கள் சைட்டில் எனக்குக் கை காட்டுகிற பெண்ணிடம் தினமும் சொன்னேன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவள் பெயரே விசில். "அப்ப எனக்குப் போட்டியா உங்க வீட்ல ஒரு ஆள் ரெடியாகுதுன்னு சொல்லுங்க" என்பாள்.

என்னைக் கெடுத்தது எடை மெஷின்தான். என் மனைவி தன் கடையிலிருந்து இரவலாக ஒன்று வாங்கி வந்தாள். தினமும் காலையில் எழுந்ததும் சுண்டுவை அதில் நிறுத்துவேன். திங்கள் பன்னிரண்டு இருநூறு. செவ்வாய் பன்னிரண்டு இருநூறு. புதன்கிழமை காலையும் அதேதான். இன்னும் இருநூறு கிராம் வேண்டும், கையில் இருப்பது மூன்று நாள். ஏழு மணிக்கு நான் மேலே ஏறியாக வேண்டும், மணி ஆறேகால் ஆகிவிட்டது.

முட்டையும் கிழங்கும் மசித்தது தட்டில் இருந்தது. மூன்று ஸ்பூன் ஒழுங்காகப் போனது. நான்காவதைத் தூக்கினேன், பாதி வழியில் சுண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சீக்கிரம் மேடம். லாரி காத்திட்டிருக்கு."

உள்ளங்கை அப்படியே இருந்தது. வேண்டாம் என்று தலையையும் ஆட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது, நான் எதையுமே நினைக்கவில்லை. என் கண்ணுக்குள் அந்த மெஷினின் எண்தான் இருந்தது. அவள் கைக்கு மேலாக ஸ்பூனைக் கொண்டுபோய், உதட்டுக்கு நடுவில் கொடுத்து, உள்ளே தள்ளிவிட்டேன்.

முந்தைய வாய் இன்னும் அவள் கன்னத்துக்குள் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகத்தானே கை காட்டுகிறார்கள்.

இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. கண் இரண்டும் பெரிதாகி, வாய் திறந்தபடி, முகம் சிவந்து நீலமாகத் தொடங்கியது. நூறு அடிக்கு மேலே காற்றில் ஆடுகிற இரும்பை நிறுத்தத் தெரிந்த நான் கையில் ஸ்பூனோடு மரமாக நின்றேன். என் மனைவிதான் பாய்ந்து வந்தாள். பிள்ளையைத் தொடைமேல் குப்புறக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஓங்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தட்டில் அது தரையில் வந்து விழுந்தது. கோலிக்குண்டு அளவு கூட இல்லை.

சுண்டு மூச்சை இழுத்து அலறினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடி என்னைப் பார்த்தாள். குரல் கரகரத்தது.

"அப்பா, நான் கை காட்டினேன்."

அருகில் போனேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"போங்க" என்றாள். "வேலைக்கு நேரமாச்சு."

அன்று மேலே ஏறியதே தப்பு. ஏணிப்படியில் கை வைக்கும்போதெல்லாம் அந்த முகம்தான் தெரிந்தது. பத்தரை மணி இருக்கும். கம்பிக் கட்டு ஒன்றைப் பதினொன்றாம் தளத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். விசில் கட்டைவிரலைக் கவிழ்த்தபடி நின்றாள். திடீரென்று அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு தச்சர் முன்னே ஓடிவந்து உள்ளங்கையை நீட்டினார். அதைப் பார்த்து விசிலும் நீட்டினாள். நான் பார்த்தேன். பார்த்தது மூளைக்குப் போய், மூளையிலிருந்து கைக்கு வர ஒரு விநாடி கூடுதலாக ஆனது. அந்த ஒரு விநாடியில் கம்பிக் கட்டு ஓர் அடி இறங்கிவிட்டது. அடியில் பலகைக்குப் பின்னால் ஒருவர் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம். அவர் தலைக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. நிறுத்து காட்டிய பிறகு சுமை நகர்ந்தால், ஓட்டுநர் கீழே இறங்கி வந்து கேபின் சாவியைச் சைகைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு எப்போது மனம் ஒப்புகிறதோ அப்போது திருப்பித் தருவார். கெஞ்சக் கூடாது. எப்போது தருவீர்கள் என்று கேட்கவும் கூடாது. மேலாளர்கூட அதில் தலையிட மாட்டார். அதுவரை இன்னொரு ஓட்டுநர் மேலே ஏறுவார், நாம் கீழே நின்று கயிறு சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினாறு வருடத்தில் என் சாவி ஒரு தடவைகூடக் கைமாறியதில்லை.

இறங்கி வந்து நீட்டினேன். விசில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கண்ண எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

நான் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தேன்.

"வீட்ல ஏதாவதா?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, "சுண்டு கை காட்டுச்சா?" என்றாள்.

"காட்டினா."

"நீங்க நிறுத்தல."

"நிறுத்தல."

"அங்க சாவிய யார்கிட்டண்ணே குடுத்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது விளையாட்டும்மா. இது வேலை. ரெண்டும் ஒண்ணா?"

"விளையாட்டுன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள், அடுத்த ஓட்டுநருக்குக் கை காட்ட. நான் கயிறு சுற்றினேன்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டு என் கையிலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பகல் முழுவதும் அரை டம்ளர் பால்தான் குடித்தாளாம். நான் தலைக்கவசத்தை மாடத்தில் வைத்தேன். சமையலறைக்குப் போய், நீலப் பிடி வைத்த அவளுடைய ஸ்பூனைக் கழுவி எடுத்துவந்து, மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்க நிறுத்து காட்டினீங்க. நான் நிறுத்தல. தப்பு என்னோடது. எங்க சைட்ல இப்படி ஆச்சுன்னா சாவியக் குடுத்துடணும். இந்தாங்க."

உள்ளேயிருந்து ஒரு கை வந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டது.

"எப்ப திருப்பித் தரணும்?"

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

"தோணலன்னா?"

சனிக்கிழமை என்று சொல்ல வந்தேன். மூக்குக் குழாய் என்று சொல்ல வந்தேன்.

"தோணலன்னா தர வேணாம்" என்றேன்.

அவளைப் படுக்கவைத்துவிட்டு வந்த என் மனைவி, காலையிலிருந்து முதல் முறையாக என்னிடம் பேசினாள். "ரெண்டரை நாள் இருக்கு. இப்பப் போயி ஸ்பூனையும் தூக்கிக் குடுத்துட்டீங்க. அவளுக்குத் தோணவே இல்லன்னா என்ன பண்றது?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி?"

"தெரியலம்மா. அவ வாய்க்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல. அதுதான் உண்மை."

அவள் எழுந்தாள். எடை மெஷினை எடுத்துப் போய் அலமாரியின் உச்சியில், அவளுக்கே எட்டாத இடத்தில், நாற்காலி போட்டு ஏறி வைத்தாள்.

வியாழக்கிழமை. தட்டை மூவருக்கும் வைத்தோம். யாரும் யாரையும் சாப்பிடு என்று சொல்லவில்லை. சுண்டு ஸ்பூனை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் குடித்தாள், இரண்டு பிஸ்கட் கடித்தாள். தட்டைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை விசில் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை. அன்று மேலே உட்கார்ந்து, அவள் விரல் நுனி அசைந்தாலும் நின்றேன். அத்தனை முறை நிற்காதீர்கள், வேலை ஓடவில்லை என்று வாக்கி-டாக்கியில் சிரித்தாள்.

அன்று மாலை சுண்டு தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஸ்பூனால் மசியலை அள்ளினாள். வலது கையால் மெல்லத் தூக்கினாள். என் மனைவியின் கால் மேசைக்கு அடியில் என் காலை அழுத்தியது. ஸ்பூன் உதடு வரை வந்தது. சுண்டு இடது உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேராகவே நீட்டி, ஸ்பூனை நிறுத்தினாள். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு இறக்கித் தட்டிலேயே கொட்டினாள். மறுபடி அள்ளினாள், தூக்கினாள், நிறுத்தினாள், கொட்டினாள். தனக்குத்தானே கை காட்டி, தனக்குத்தானே கீழ்ப்படிந்து, அரை மணி நேரம் இதையே செய்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் உதட்டருகே நின்ற அந்த ஸ்பூனை ஒரே ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று இருந்தது. நாற்பதாவது தடவையோ என்னவோ, என்னால் முடியவில்லை. "ஒரு வாய்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

என் மனைவி உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

வாயை மூடிக்கொண்டேன். சுண்டு அம்மாவின் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா நின்றுவிட்டாரா என்று நன்றாகப் பார்த்தாள். அதன் பிறகு ஸ்பூனை நக்கித் துடைத்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படி நக்கியதில் எத்தனை கிராம் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மருத்துவமனைத் தராசு பன்னிரண்டு கிலோ நூறு காட்டியது.

மருத்துவர் சுண்டுவைக் கீழே இறக்கிவிட்டு, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அதே நூறு. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என் குற்றத்தைச் சின்னதாக்கிச் சொல்ல நாக்கு துடித்தது, விடவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"ஏறிக்கிட்டிருந்த எடை இறங்கியிருக்கு. இதுக்கு மேல காத்திருக்க எனக்குத் தைரியம் இல்ல. திங்கக்கிழமை சேத்துடுங்க, கொஞ்ச நாளைக்குக் குழாய் போட்டுடலாம். வெளிய உக்காந்து இந்தப் படிவத்தப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

வெளியே நீளமான பெஞ்சு. சுவரில் மீன் படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. என் மடியில் படிவம், கையில் பேனா. என் மனைவி சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்தேன்.

"அப்பா."

சுண்டு பெஞ்சுமேல் ஏறி நின்றிருந்தாள். அம்மாவின் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, இடுப்பிலிருந்து ஸ்பூனை உருவி, ஆறிப்போன மசியலை அள்ளியிருந்தாள்.

"வாயத் தொற."

"எனக்கா?"

"நான்தான் மேல இருக்கேன். நீ கீழ. கை காட்டு."

பேனாவைக் கீழே வைத்தேன். கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் தொண்டையில் மோட்டார் சத்தம் எழுந்தது, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஸ்பூன் மேலே வந்தது. கட்டைவிரலைக் கவிழ்த்தேன். ஸ்பூன் என் வாயை நோக்கி மெல்ல நகர்ந்தது. அந்தச் சின்ன முகம் எவ்வளவு கவனமாக இருந்தது என்று கிட்டத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எச்சில்கூட இறங்கவில்லை. எதையும் யோசிக்காமல் உள்ளங்கையை நீட்டிவிட்டேன்.

ஸ்பூன் நின்றது.

என் உதட்டுக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. சுமை பெரியது, கை சிறியது. அவள் மணிக்கட்டு நடுங்கியது. இடது கையைக் கொண்டுவந்து முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள். மசியலின் ஓரம் சரிந்து என் சட்டையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வாய்ல இன்னும் இருக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் இறங்கியது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில், அத்தனை பேர் பார்க்க, அழுதேன்.

"சரி, முழுங்கு. நான் நிக்கறேன்."

விழுங்கினேன். ஒன்றும் இல்லாத வாயை மூன்று தடவை விழுங்கினேன். அதுவரை அந்தக் கை இறங்கவில்லை. பிறகு நான் கட்டைவிரலைக் கவிழ்த்து வாயைத் திறந்தேன். ஆறிப்போன கிழங்கு, உப்பு குறைவு. அதைவிட ருசியானதை நான் தின்றதில்லை.

சுண்டு ஸ்பூனைத் திருப்பி, பிடியை என் பக்கமாக நீட்டினாள்.

"இந்தா, சாவி."

நான் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன். கொஞ்சமாக அள்ளினேன். அவள் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை உயர்த்தினாள். தூக்கினேன். கவிழ்த்தாள். இறக்கினேன். வாயைத் திறந்து வாங்கி, மென்று, விழுங்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று வாயை ஆவென்று திறந்து எனக்குக் காட்டினாள். என் மனைவி டப்பாவை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அந்த ஆ. ஐந்தாவதை மென்றுகொண்டே, ஆ காட்டாமல், கட்டைவிரலை உயர்த்திவிட்டாள். ஆறாவது ஸ்பூன் பாதி வழியில் இருக்கும்போது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுண்டு அதே நேரத்தில் உள்ளங்கையை நீட்டினாள்.

நின்றேன்.

மருத்துவரின் செருப்புச் சத்தம் என் பக்கத்தில் வந்து நின்றது. சுண்டுவின் வாய் அசைவதை அவர் பார்த்திருப்பார். பிறகு குனிந்து, என் மடியிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடலையே? நல்லது. இது என்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம்." என்னிடமிருந்து பதில் வராததால், "சார், உங்களத்தான், கேக்குதா?" என்றார்.

கேட்டது. என் மனைவி விசும்புவதும் கேட்டது. நான் திரும்பவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. சுண்டு கன்னத்தில் இருந்ததை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள், அவள் உள்ளங்கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.